விட்டுப்போன கொம்பு

மார்ச் 4

புது நோட்டு. இருநூறு பக்கம், கெட்டி அட்டை. அவர் வாங்கி வந்தார். தினமும் ஏதாவது எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியில் உத்தரவு. எழுதினால் மூளைக்கு நல்லதாம். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே காலத்தை ஓட்டியவள் நான். சொந்தமாக நாலு வரி எழுத, மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜனவரி ஆறாம் தேதி அடைத்தது. வலது மூளை. அதனால் இடது கை தொங்குகிறது, இடது கால் இழுக்கிறது. பேச்சு போகவில்லை. "வாய் தப்பிச்சுது பாரு, அது போதும் உனக்கு" என்றார். இரண்டு மாதத்தில் நான் சிரித்தது அன்று ஒரு தடவைதான்.

கையும் காலும் போகட்டும். இடது பக்கம் என்பதே எனக்கு இல்லையாம். எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை. அதுதான் வியாதியே என்கிறார்கள். கேட்டால் கோபம் வருகிறது.

ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். லிப்ட் மெக்கானிக் இல்லையா, கருவிப் பையில் இருக்கும் இரும்பு ஸ்கேலை வைத்துப் போட்டது. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

அச்சகத்தில் என் நாற்காலியை மே மாதம் வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நான் மறுபடி புரூஃப் பார்க்க வேண்டும். கை வராவிட்டால் போகட்டும். கால் வராவிட்டாலும் போகட்டும். கடவுள் என்று ஒருவர் இருந்தால் இந்த ஒன்றை மட்டும் கொடுக்கட்டும்.

மார்ச் 5

காலையில் டீ தரவில்லை. கேட்டால் "வச்சிருக்கேனே" என்கிறார். எங்கே என்றால் பதில் சொல்லாமல் என் தாடையைப் பிடித்து இடது பக்கம் திருப்புகிறார். இருந்தது. ஆடை கட்டிப் போய். எல்லாவற்றையும் இடது பக்கமே வைக்கச் சொல்லி உத்தரவாம், நானே தேடி எடுக்க வேண்டுமாம். நான் என்ன வித்தை காட்டும் குரங்கா?

மார்ச் 9

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் வீட்டுக்கே வந்தாள். வாயைத் திறந்தால் "கோட்டைப் பிடிங்கம்மா, கோட்டைப் பிடிங்க" என்கிறாள். கோட்டம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். அவளிடமே சொன்னேன். சிரித்தாள். நல்ல பெண்தான்.

ஒரு தாள் நிறைய நட்சத்திரம். எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். முடிந்தது என்று பேனாவைக் கீழே வைத்தேன். ஐம்பத்து நாலில் இருபத்திரண்டு. அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டு எண்களை எழுதினேன். பன்னிரண்டும் வலது பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறதாம், கடைசி பஸ்ஸில் ஏறிய கூட்டம் மாதிரி. மீதிப் பாதி வட்டம் காலி. எனக்கு ஒழுங்காக வரைந்த மாதிரிதான் இருந்தது.

"சரியாத்தானே இருக்கு?" என்றேன். கோட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 13

இன்று தெரிந்துவிட்டது. என்னை எங்கே அடித்திருக்கிறது என்று.

பத்திரிகையில் தலைப்பு: "நாய் பரவல், மக்கள் அச்சம்." அச்சுப் பிழையோ என்னவோ, நாய் எப்படிப் பரவும் என்று கோட்டம்மாவிடம் கேலி செய்தேன். அவள் விரலை வைத்து எழுத்துக்கு இடப்பக்கம் தடவிக் காட்டினாள். இரட்டைக் கொம்பு. நாய் இல்லை, நோய்.

கொம்பு இடப்பக்கம் நிற்கிற எழுத்து. என் மூளைக்கு இடப்பக்கம் கிடையாது. வார்த்தையின் முதல் எழுத்தில் கொம்பு இருந்தால் அது போயிற்று. பொய் எனக்குப் பாய். பேசு, பசு. வேலை, வலை. நெஞ்சு, நஞ்சு. பைத்தியம் பிடித்தால்கூடப் பத்தியம் என்றுதான் படிப்பேன்.

எழுதும்போது கை பழக்கத்தில் கொம்பைப் போட்டுவிடுகிறது. எழுதியதை நானே திரும்பப் படித்தால் எல்லாம் பிழையாகத் தெரிகிறது.

அச்சகத்தில் எனக்குக் கொம்பு ராணி என்று பெயர். கணினியில் எழுத்துரு மாறும்போது கொம்பு கழன்று போகும். யார் கண்ணிலும் படாது, என் கண்ணில் படும். புதிதாக வருகிறவர்கள் "அந்தம்மாவுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்பார்களாம். ஆமாம், கொம்புதான் என்று மற்றவர்கள் சொல்வார்களாம். பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறது. வேறு எதையாவது எடுத்துக்கொண்டிருக்கலாமே.

மார்ச் 14

எழுத ஒன்றும் இல்லை. டீ ஆறிப்போயிருந்தது.

மார்ச் 20

அவர் குளிக்க வைத்தார். இடது கையை மறந்துவிட்டு எழப் போனேன், அது யாருடையதோ மாதிரி முக்காலியில் கிடந்தது. அவர் எடுத்து என் மடியில் வைத்தார். ஐம்பத்தொரு வயதில் மடியில் தன் கையைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்கு இன்னும் ஒவ்வொரு சாணும் தெரிகிறது.

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ஏதோ மெட்டு முணுமுணுத்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆன கதை நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அச்சகம் இருந்த கட்டடத்து லிப்டில் ஒரு அட்டை தொங்கியது. "ஆள் அதிகம். எடை குரைக்கவும்." எடை எப்படி ஐயா குரைக்கும்? சிவப்புப் பேனாவை எடுத்து 'ர'வை அடித்து 'ற' போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ஸ்பானரும் கையுமாக எழுதியவரே நிற்கிறார்.

"ஏங்க, லிப்டு நல்லா ஓடுதுல்ல?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத்தான் கழுத்தை நீட்டினேன்.

அதற்கப்புறம் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. கடைக்குப் போகும் சீட்டைக்கூட நான்தான் எழுதுவேன். "எதுக்கு, நீ சிவப்பு மை பூசுவே" என்பார்.

மார்ச் 27

மூளை டாக்டர். ஒரு மணி நேரம் காத்திருந்து பத்து நிமிஷம்.

கண்ணில் கோளாறு இல்லை என்கிறார். இடது பக்கம் இருட்டும் இல்லை. "வாசல்ல ஒருத்தர் கூப்பிடுறார்னு வைங்க. குரல் உள்ளே வருது. ஆனா எழுந்து போய்க் கதவைத் திறக்க ஒரு ஆள் வேணும்ல? உங்களுக்கு அந்த ஆள் தூங்குறார்." அந்த ஆளைத் தட்டி எழுப்பும் ரசாயனங்களில் ஒன்றுக்கு டோபமின் என்று பெயர். அது செய்யும் வேலையைச் செய்ய ஒரு மாத்திரை. கை நடுக்க வியாதிக்காரர்களுக்குக் கொடுப்பது. "சிலருக்குப் பலன் தெரியுது, சிலருக்கு இல்ல. இன்னும் முடிவா யாரும் சொல்லல. முயற்சி பண்ணிப் பாக்கலாமா?"

பார்க்கலாம் என்றேன். விஷம் என்று சொல்லிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் வாங்கியிருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார். அடைப்பு வந்த முதல் மூன்று மாதம் மூளை தானாகவே புதுப் பாதை போட முனைப்பாக இருக்குமாம், அதற்கான ரசாயனங்கள் அப்போது தாராளமாக இருக்குமாம். அப்புறம் குறையும்.

"குறைஞ்சப்புறம்?" என்று அவர் கேட்டார். என் புருஷனைத்தான் சொல்கிறேன்.

"அப்புறமும் வரும். மெதுவா."

மெதுவா என்று சொல்லும்போது டாக்டர் மேசையைப் பார்த்தார். வலது பக்கம் இருந்ததால் பார்த்துவிட்டேன்.

ஜனவரி 6 முதல் எண்ணினால் ஏப்ரல் 6. பத்து நாள் இருக்கிறது.

ஏப்ரல் 2

நாத்தனார் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாளாம். நான் வலது பக்கச் சுவரைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். போகும்போது அவரிடம், "அண்ணி என்கிட்ட மூஞ்சி கொடுத்தே பேசலண்ணே" என்று அழுதாளாம். முன்பு வேண்டுமென்றே செய்ததுண்டு. இது அப்படி இல்லை என்று எப்படி நம்ப வைப்பது?

ஏப்ரல் 6

மூன்று மாதம் முடிந்தது.

நட்சத்திரம் இருபத்தாறு.

ஏப்ரல் 15

மாத்திரை தொடங்கிப் பதினெட்டு நாள். இன்று முப்பத்தொன்று! கோட்டம்மா இரண்டு தடவை எண்ணினாள். அவர் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆள் எழுந்துவிட்டார் போலிருக்கிறது, கதவைத் திறக்கப் போகிறார்.

இந்த நோட்டு சீக்கிரம் தீர்கிறது. இருநூறு பக்கம் என்று அட்டையில் போட்டிருக்கிறான், எண்ணிப் பார்த்தால் நூறுதான் வருகிறது. கோட்டம்மாவின் தாள்களிலிருந்து நோட்டுக் கடைக்காரன் வரை எல்லோரும் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள். அவரிடம் சொன்னேன், கடையில் போய்க் கேளுங்கள் என்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சரி என்று போய்விட்டார்.

ஏப்ரல் 19

இருபத்தேழு. நேற்றுத் தூக்கம் சரியில்லை, அதனால்தான்.

ஏப்ரல் 24

மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

நாலு நாளாகச் சுவரில் எறும்பு. சாரை சாரையாக. வலது பக்கச் சுவரில் மட்டும். எனக்கு வரும் பேய்கூட வலது பக்கமாகத்தான் வருகிறது. டாக்டர் கேட்டதும் மாத்திரைதான் காரணம் என்றார். பலனும் பெரிதாக இல்லை, நிறுத்திவிடலாம் என்றார். முப்பத்தொன்று வந்ததே என்றேன். "ஒரு நாள் முன்னே பின்னே வரும்மா" என்றார்.

அங்கேயே அழுதுவிட்டேன். அழுகைக்கு வேறு மாத்திரை இருக்கிறதாம். அடைப்பு வந்தவர்களுக்கு இப்படிச் சோர்வு வருவதற்கும் மூளை ரசாயனம் ஒரு காரணமாம், வெட்கப்பட ஒன்றும் இல்லையாம்.

என் துக்கம்கூட என்னுடையது இல்லையா? அதையும் எந்தச் சுரப்பியோ சுரந்து கொடுக்கிறதா? இத்தனை வருஷம் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் என்ன, கால் கரண்டி திரவமா?

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். 

ஏப்ரல் 30

அச்சகத்திலிருந்து மேலாளர் பேசினார். மே 11, காலை பத்து மணி. ஒரு பக்கம் கொடுப்பார்களாம், பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்மா" என்றார்.

மே 6

தினம் இரண்டு மணி நேரம் பயிற்சி. கோட்டைப் பிடி, விரலை வை, கொம்பைத் தேடு, அப்புறம் எழுத்தைப் படி. ஒரு வரிக்கு மூன்று நிமிஷம். கோட்டம்மா சொல்கிறாள், அவசரப்படாவிட்டால் பிடித்துவிடுகிறேனாம். அவசரப்படாமல் எப்படி இருப்பது?

மே 11

எப்படி எழுதுவது.

என் நாற்காலி. அதே குஷன். உட்கார்ந்ததும் முதுகுக்குத் தெரிந்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். சிவப்புப் பேனா கொடுத்தார்கள். முதல் நாலு வரி கோட்டைப் பிடித்துத்தான் படித்தேன். அப்புறம் பழைய வேகம் வந்துவிட்டது. கை பறந்தது. பிழை பிழையாகக் கிடைத்தது. "நஞ்சு வலி வந்தால் உடனே மருத்துவரை அணுகவும்" என்று இருக்கிறது, ஐயோ, இதை விட்டால் ஆளைக் கொன்றுவிடுமே என்று பதறிப்போய்க் கொம்பு போட்டேன். எல்லா இடத்திலும் கொம்பு விட்டுப்போயிருந்தது. இந்த அச்சகத்துக்கு நான் இல்லாமல் என்ன கதி ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன்! முக்கால் மணி நேரத்தில் முடித்து, நாற்பத்தொரு பிழை என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜனவரிக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மேலாளர் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் குனிந்து, வலது பக்கமாகத்தான், மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, கொம்பெல்லாம் இருக்கும்மா. இருக்கிற கொம்புக்கு முன்னாடி இன்னொரு கொம்பு போட்டிருக்கீங்க."

நாற்பத்தொன்றும். ஒன்றுகூடப் பிழை இல்லை. உண்மையில் மூன்று பிழை வைத்திருந்தார்களாம். அது மூன்றும் இடது பத்தியில். அந்தச் சீட்டில் இரண்டு பத்தி இருந்திருக்கிறது. நான் படித்தது ஒன்றுதான்.

"வீட்ல நல்லா ஓய்வெடுங்கம்மா" என்றார். டைப் செய்யும் பெண்கள் யாரும் தலை தூக்கவில்லை.

அவர் கீழே லிப்ட் பக்கத்தில் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.  வீட்டுக்கு வந்து, "போனா போகுது, விடு" என்றார்.

போனா போகுதா? எது போனா போகுது? எனக்கு அது ஒண்ணுதானே இருந்துச்சு! கத்தினேன். என்ன பேசுறோம்னு யோசிக்காம கத்தினேன். உங்களுக்கு எழுத்துன்னா என்னன்னு தெரியுமா, இருபத்தஞ்சு வருஷத்துல எனக்காக ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருக்கீங்களா, இப்ப நான் படுத்துக் கிடக்கிறப்பவாவது எழுதினீங்களான்னு கேட்டேன். டீயை எடுத்து ஒளிச்சு வைக்கத்தான் தெரியும்னு சொன்னேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.  அப்புறம் வேலைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 13

காலையில் டீ கைக்கு நேராக இருந்தது. சூடாக. தேட வேண்டியிருக்கவில்லை.

மே 19

ஒரு வாரமாக எல்லாம் வலது பக்கமே வருகிறது. தட்டு, தண்ணீர், மாத்திரை, கண்ணாடி. கத்தினதில் ஒரு நன்மை. இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

மெட்டு முணுமுணுப்பது நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு நாங்கள் பேசுவது பத்து வார்த்தை இருக்கும். "சாப்டியா", "ம்", "மாத்திரை", "போட்டாச்சு". அச்சகத்தில் என் நாற்காலியில் இன்னொருத்தியை உட்கார வைத்துவிட்டார்களாம்.

மே 26

இரண்டு வாரம் லீவு முடிந்து வந்த கோட்டம்மா, மேசையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏன் சார் எல்லாம் வலது பக்கம் இருக்கு?"

"ஆறிப் போகுது மேடம்" என்றார் அவர். "போதும்."

அவ்வளவுதான் சொன்னார். போதும். பயிற்சி முடியும் வரை அந்த வார்த்தை காதுக்குள் இருந்தது. நான் இரக்கம் என்று நினைத்தது இரக்கம் இல்லை. என்னைக் கைகழுவிவிட்டார். டாக்டர் மேசையைப் பார்த்தார், மேலாளர் ஓய்வெடுக்கச் சொன்னார், இவர் தம்ளரை வலது பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார். மூவரும் சொல்வது ஒன்றுதான்.

கத்தவும் தோன்றவில்லை. அவர் செய்தது நியாயம். நான் அவர் இடத்தில் இருந்தால் மார்ச்சிலேயே செய்திருப்பேன்.

ஜூன் 3

எழுதப் பிடிக்கவில்லை. எதற்கு? யார் படிக்க? என்னாலேயே படிக்க முடியாது.

ஜூன் 9

மெதுவாக எழுத வேண்டும். 

மதியம் நோட்டு கட்டிலிலிருந்து கீழே விழுந்தது. ஒற்றைக் கையால் எடுத்து மடியில் போட்டுத் திறந்தேன். என் எழுத்தைக் காணோம். வேறு யாருடையதோ எழுத்து, தலைகீழாக. கட்டை கட்டையாக, அழுத்தி அழுத்தி. முதலில் எறும்பு திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நோட்டை நேராகத் திருப்பினேன். மறைந்துவிட்டது. என் எழுத்து மட்டும் இருந்தது. மறுபடி தலைகீழாக்கினேன். வந்தது.

அப்புறம்தான் புரிந்தது. நோட்டில் இருநூறு பக்கமும் இருக்கிறது. நான் எழுதியது எல்லாம் வலது பக்கத்தில். திறந்த நோட்டுக்கு இடது பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. தலைகீழாகப் பிடித்ததும் அது வலது பக்கம் வந்துவிட்டது. கடைக்காரனைப் போய்த் திட்டச் சொன்னேனே, பாவி.

மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவர் கையிலுள்ள தாளைத் தலைகீழாகப் படிப்பது எங்கள் தொழிலில் கைவந்த கலை. நோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து மார்ச் வரை பின்னோக்கிப் போய், அங்கிருந்து படித்து வந்தேன். சிலவற்றை இங்கே எழுதிக்கொள்கிறேன், அவர் எழுதியபடியே. தொலைந்துவிடக் கூடாது.

"மார்ச் 5. நீ எலுதினத படிக்கல. சத்தியமா. அந்த கோட்டம்மா சொன்னாங்க இந்த பக்கம் தினம் எதாவது எலுதி வைங்க ஒரு நாள் பாப்பாங்கனு. பாத்தா சொள்ளு."

கோட்டம்மா என்று நான் பெயர் வைத்தது ஒன்பதாம் தேதிதான். நான் வைப்பதற்கு முன்பே அவரும் அதே பெயரை வைத்திருக்கிறார்.

"மார்ச் 14. டீ இடது பக்கம் வக்கிறது உன்ன படுத்த இல்ல. நீ திரும்பி பாத்தா ஒரு தடவ மூல வேல செய்யுதாம். பாத்தா சொள்ளு."

"ஏப்ரல் 6. மூனு மாசம் ஆனா என்ன. கரண்ட்டு போய் லிப்ட்டு நடுவுல நின்னா மேல போய் கையால சுத்துவோம். ஒரு மாடி ஏற அர மணி ஆகும். ஆனா வரும். உள்ள இருக்கவங்க கத்துவாங்க. நாங்க சுத்திக்கிட்டே இருப்போம். பாத்தா சொள்ளு."

"ஏப்ரல் 15. நோட்டு நூறு பக்கம் தான்னு சண்ட போட்ட. சொள்ள வாய் வரைக்கும் வந்துச்சு. நீயா பாக்கனும்னு சொள்ளல."

"ஏப்ரல் 24. நீ அழுத. நானும் தான். லிப்ட்டு மெசின் ரூம்ல."

"மே 11. இன்னைக்கி நீ பாஸ் பன்னுவ. கொம்பு ராணி. கவலை குரையும். பாத்தா சொள்ளு."

அதற்கு அடுத்தது மே 12. தேதி மட்டும். தேதிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, பேனாவை வைத்து வெகுநேரம் அழுத்தியிருக்கிறார், மை ஊறிப் பின்பக்கம் வரை போயிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. சிவப்புக் கோடு மட்டும், ஒவ்வொரு இடது பக்கத்திலும், நேராக.

எனக்காக ஒரு வரி எழுதியிருக்கீங்களான்னு கேட்டேன். அறுபது நாளுக்கு மேல, ஒரு நாள் விடாம எழுதின மனுஷன்கிட்ட கேட்டேன். நாக்கு போயிருக்கக் கூடாதா எனக்கு. கை போனதுக்குப் பதிலா அது போயிருக்கக் கூடாதா.

ஜூன் 10

நேற்று அவரிடம் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது, அவர் மாத்திரையைத் தேடுகிறார்.

நோட்டின் வலது பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டால் இடது பக்கம் மட்டும் நிற்கும் என்று இன்றுதான் தோன்றியது. இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு நாள். மே 12 என்று அவர் எழுதி நிறுத்திய தேதிக்குக் கீழே எழுதினேன்:

"பார்த்தேன். எடை குரைந்தது."

திருத்தவில்லை. திருத்தவும் மாட்டேன்.

நோட்டை விரித்து மேசை மேல் வைத்தேன்.

ஜூன் 12

அவர் பார்க்கவில்லை. இரண்டு நாளில் எத்தனை தடவை அந்த மேசையைக் கடந்து போயிருப்பார். நோட்டின் மேலேயே இன்று துவைத்த துண்டை மடித்து வைத்திருந்தார். ஒரு காலத்தில் தினமும் திறந்து பார்த்த நோட்டு. அவருக்கும் அந்தப் பக்கம் இல்லாமல் போய்விட்டது.

நட்சத்திரம் இருபத்தெட்டு. கோட்டம்மா அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள்தான் வருவாளாம்.

ஜூன் 14

டீ வரவில்லை.

ஏழு மணிக்கு எழுந்தேன். கைக்கு நேராக மேசை காலி. அவர் அடுக்களையில் இருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் வாசல் கதவு சத்தம், வேலைக்குப் போய்விட்டார். நோட்டு மேலிருந்த துண்டைக் காணோம். சரி, இதுவும் போயிற்று, இனி டீயும் கிடையாது என்று படுத்துக்கொண்டேன். கோபம்கூட வரவில்லை.

எட்டரை இருக்கும், தொண்டை வறண்டது. சும்மா, பயிற்சி மாதிரி, தலையைத் திருப்பினேன். ஜன்னல். ஜன்னல் ஓரம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. தோன்றுவதை நம்பாதீங்க என்பாள் கோட்டம்மா. இன்னும் திருப்பினேன், கழுத்து வலிக்கும் வரை. மறுபடி ஆரம்பத்திலிருந்து. எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

கட்டிலுக்கு இடது பக்கம், ஸ்டூல் மேல், தம்ளர்.

மணி ஒன்பது நாற்பது. பச்சைத் தண்ணீராக ஆறி, ஆடை கட்டியிருந்தது. முழுவதும் குடித்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொல்ல வேண்டும், பார்த்தேன் என்று.